டாங்கியும் அதனுள் இருப்பவனும்

2025-ம் வருஷம் நவம்பர் மாதத் தொடக்கத்தில், 'ஏஜாக்ஸ்' என்னும் புதிய கவச வண்டி சேனையில் சேவை புரியத் தகுதி பெற்றுவிட்டதென்று பிரிட்டிஷ் சர்க்கார் பிரகடனம் செய்தது. அதே மாதம் முடிவதற்குள் ஒரு பயிற்சியின்போது அந்த வண்டிகளில் சென்ற சுமார் முப்பது சிப்பாய்கள் நோயுற்று இறங்கினார்கள். சத்தமும் அதிர்வும் அவர்களை வாட்டிவிட்டன என்று செய்தி வெளிவந்தது. வண்டிகளின் உபயோகத்தை நிறுத்தி வைத்து, சர்க்கார் விசாரணைக்கு உத்தரவிட்டது. எதிரி ஒருவனும் இல்லை. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. தன் நாட்டு மண்ணில், தன் நாட்டு வண்டியாலேயே சிப்பாய் அடிபட்டான்.

இதை ஒரு கம்பெனியின் பிழை என்றோ ஒரு மந்திரியின் அவசரம் என்றோ ஒதுக்கிவிடலாகாது என்று நாம் கருதுகிறோம். டாங்கியை உலகத்துக்குக் கொடுத்த தேசம் இங்கிலாந்து. அந்த யந்திரத்தின் நூறு வருஷத்துச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், இந்த நவம்பர் மாதச் சம்பவம் புதிதல்ல என்பது விளங்கும்.

1915-ல் பிரான்ஸ் தேசத்தில் அகழிகளும் முள்வேலிகளும் யந்திரத் துப்பாக்கிகளும் சேர்ந்து யுத்தத்தை அசையாமல் நிறுத்திவிட்டன. அப்போது கடற்படை மந்திரியாயிருந்த சர்ச்சில், தரையில் ஓடும் கப்பல் ஒன்றை அமைக்க ஆலோசனைக் கமிட்டி ஏற்படுத்தினார். யுத்த இலாகாவுக்குத் தெரிவிக்காமலே கடற்படைப் பணத்திலிருந்து எழுபதினாயிரம் பவுன் ஒதுக்கினார். பொதுப் பணத்தை இவ்வாறு செலவிடுவது முறையா என்று எம்மைப் போன்ற வக்கீல்கள் கேட்கலாம். ஆனால் முறைப்படி கேட்டிருந்தால் டாங்கி பிறந்தே இராது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

லிங்கன் நகரத்தில் உழவு யந்திரங்கள் செய்துவந்த வில்லியம் பாஸ்டர் கம்பெனியிடம் வேலை ஒப்புவிக்கப்பட்டது. வில்லியம் டிரிட்டன், வால்டர் வில்ஸன் என்ற இருவர் முன்னின்று நடத்தினார்கள். முதலில் அமெரிக்காவிலிருந்து தருவித்த சங்கிலிப் பட்டைகளைப் பூட்டிப் பார்த்தார்கள். அகழியைத் தாண்டும்போது அவை தொங்கிக் கழன்றன. டிரிட்டன் எஃகுத் தகடுகளால் தாமே புதிய பட்டை அமைத்த பிறகுதான் காரியம் பலித்தது. 'லிட்டில் வில்லி' என்று பெயர் பெற்ற அந்த முதல் வண்டியை அடுத்து, உடல் முழுவதையும் பட்டை சுற்றிவரும் 'மதர்' என்னும் வண்டி எழுந்தது. 1916 பிப்ரவரியில் ஹாட்பீல்டு தோட்டத்தில் அதை மந்திரிகளுக்கு ஓட்டிக் காட்டினார்கள். கிச்சனர் பிரபுவுக்கு அதில் நம்பிக்கை பிறக்கவில்லை. ஆயினும் நூறு வண்டிகளுக்கு உத்தரவு கிடைத்தது. தொழிலாளிகளுக்கும் ஒற்றர்களுக்கும் உண்மை தெரியாதிருக்கும்பொருட்டு, தண்ணீர்த் தொட்டி என்று பொருள்படும் 'டாங்க்' என்ற பெயரை இட்டார்கள். அந்தப் பொய்ப் பெயரே உலகெங்கும் நிலைத்துவிட்டது!

இங்கே ஒரு கிளைக் கதையையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த லான்ஸ்லட் டி மோல் என்பவர், இத்தகைய சங்கிலி வண்டி ஒன்றின் படங்களை 1912-லேயே லண்டன் யுத்த இலாகாவுக்கு அனுப்பியிருந்தார். இலாகா அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டது. யுத்தம் முடிந்து, 1919-ல் கண்டுபிடிப்பாளர்களுக்குப் பரிசளிக்கும் ராயல் கமிஷன் கூடிற்று. டி மோலின் யோசனை 1916-ல் உபயோகித்த டாங்கியைவிடச் சில அம்சங்களில் உயர்ந்தது என்று அந்தக் கமிஷனே ஒப்புக்கொண்டது. ஆனால் அவர் படத்தைப் பார்த்து எவரும் டாங்கி செய்யவில்லையாகையால் பரிசுக்கு அவர் பாத்தியப்பட்டவரல்லவாம். செலவுத் தொகை மட்டும் கிடைத்தது. டிரிட்டனும் வில்ஸனும் பதினையாயிரம் பவுன் பெற்றார்கள். பார்க்காமல் புறக்கணித்தது இலாகாவின் குற்றம். அதன் தண்டனை விண்ணப்பித்தவனுக்கு! குடியேற்ற நாடுகளின் விண்ணப்பங்கள் எந்த மேஜையறைக்குள் போய்ச் சேரும் என்பதை நமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

1916 செப்டம்பர் 15-ந் தேதி ஸாம் போர்க்களத்தில் பிளர்ஸ் என்ற கிராமத்தருகே டாங்கிகள் முதன்முதலாகப் போரில் இறங்கின. ஏராளமான வண்டிகள் சேரும்வரை காத்திருந்து ஒரே வீச்சில் ஏவவேண்டுமென்று, ஆரம்ப முதல் இதற்காக உழைத்த ஸ்விண்டன் எச்சரித்திருந்தார். சேனாதிபதி ஹெய்க் காத்திருக்கவில்லை. கொண்டுவந்தவை நாற்பத்தொன்பது, புறப்படும் இடத்துக்கே வந்து சேர்ந்தவை முப்பத்திரண்டு. ஸ்விண்டன் சொன்னதன் உண்மை மறு வருஷம் நவம்பர் 20-ந் தேதி காம்பிரேயில் வெளியாயிற்று. அன்று நானூறுக்கு மேற்பட்ட டாங்கிகள் ஒருங்கே சென்று, காலாட்படை மாதக்கணக்கில் மோதியும் உடையாத அரணை ஒரே நாளில் உடைத்தன.

அந்த வண்டிக்குள் எட்டு மனிதர் இருந்தார்கள் என்பதைச் சரித்திர நூல்கள் ஒரு வரியில் சொல்லிப் போய்விடும். இருபத்தெட்டு டன் எடை. 105 குதிரைச் சக்தி. மணிக்கு நான்கு மைலுக்கும் குறைந்த வேகம். தனி அறையில்லாமல் என்ஜின் நடுவிலேயே கொதித்துக்கொண்டிருந்தது. வண்டியைத் திருப்புவதற்கு மட்டும் நால்வர் வேண்டும்; இரைச்சலில் பேச முடியாதாகையால் தகட்டைத் தட்டியும் கைச்சாடை காட்டியும் கட்டளையிட்டார்கள். வெப்பமும் புகையும் எண்ணெய் நாற்றமும் ஆளை மயக்கின. 1918-ல் வந்த ஐந்தாம் மாதிரியை ஒரே மனிதர் ஓட்ட முடிந்தது; அது பெரிய முன்னேற்றந்தான். ஆனால் அதில் காற்றோட்டம் கெட்டது. அமியான் சண்டையில் கரிப்புகை விஷத்தால் சிப்பாய்கள் வண்டிக்குள்ளேயே மூர்ச்சையானார்கள். இரும்பைத் துளைக்கும் குண்டைப் பற்றி யோசித்த அளவு, இரும்புக்குள் மூச்சுவிடும் மனிதனைப் பற்றி யோசித்தவர் குறைவு.

யுத்தத்துக்குப் பிறகு நடந்ததுதான் விந்தையிலும் விந்தை. பத்து வருஷத்துக்குப் பெரிய யுத்தம் வராது என்று வைத்துக்கொண்டு சேனைச் செலவைக் கணக்கிடும் விதியை 1919-ல் வகுத்து, 1932 வரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பஞ்ச காலத்திலும் இங்கிலாந்தின் மூளை உறங்கவில்லை. புல்லரும் லிட்டெல் ஹார்ட்டும் வருங்கால யுத்தத்தைப் பற்றி எழுதிக் குவித்தார்கள். மார்ட்டெல் என்ற அதிகாரி 1925-ல் தமது வீட்டு மோட்டார்க் கொட்டகையிலேயே ஒற்றை ஆள் டாங்கி ஒன்றைச் செய்து முடித்தார். 1926-ல் விக்கர்ஸ் கம்பெனி ஐந்து கோபுரங்களுடன் 'இண்டிபெண்டென்ட்' என்ற வண்டியைச் செய்தது; அத்தகையது ஒன்றுக்கு மேல் செய்யப்படவில்லை. 1927-ல் ஸாலிஸ்பரி மைதானத்தில் டாங்கி, பீரங்கி, மோட்டாரில் செல்லும் காலாட்படை எல்லாம் கூடிய பரீட்சைச் சேனை ஒன்று உருவாயிற்று. உலகத்தில் அதற்கு முன் அப்படியொன்று இருந்ததில்லை. இரண்டு வருஷத்துக்குள் அதைக் கலைத்துவிட்டார்கள்.

கலைத்தவர்கள் மறந்தார்கள், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மறக்கவில்லை. ஜெர்மன் அதிகாரியான குடேரியன் அந்தப் பயிற்சிகளையும் நூல்களையும் கருத்தூன்றிப் படித்தார். விக்கர்ஸ் கம்பெனியின் ஆறு டன் டாங்கியைச் சொந்தச் சேனை வேண்டாமென்றது. சோவியத் ருஷியா வாங்கி, அதையே தழுவித் தன் டி-26 டாங்கிகளை ஆயிரக்கணக்கில் வார்த்தது. 1936-ல் மார்ட்டெல் ருஷியப் பயிற்சிகளைக் காணச் சென்றபோது, அங்கே ஓடிய விரைவு டாங்கிகளைக் கண்டு திகைத்தார். அந்த அமைப்பின் மூலகர்த்தா கிறிஸ்டி என்ற அமெரிக்கர். அவரிடம் ஒரு வண்டி வாங்கிவந்துதான் இங்கிலாந்து மறுபடியும் தொடங்க வேண்டியதாயிற்று. ஊருக்கெல்லாம் விதை கொடுத்துவிட்டு, விதைப்பருவத்தில் அடுத்த வீட்டில் கடன் கேட்ட குடியானவன் கதைதான் இது.

இரண்டாவது உலக யுத்தத்தில் இந்த அலட்சியத்தின் பலன் வெளிப்பட்டது. 'கவனன்டர்' என்ற டாங்கி ஆயிரத்து எழுநூறுக்கு மேல் செய்யப்பட்டது. என்ஜின் பின்னாலும் அதைக் குளிர்விக்கும் கருவி முன்னாலுமாக அமைந்து, ஓயாமல் சூடேறியது; பயிற்சிக்கன்றி யுத்தத்துக்கு உதவவில்லை. முதல் டாங்கியைச் செய்த பெரியவர்களே மீண்டும் கூடி, பழைய அகழி யுத்தம் திரும்பி வருமென்ற நம்பிக்கையில் எண்பது டன் எடையுள்ள பூதம் ஒன்றைக் கட்டினார்கள். 'பழைய கோஷ்டி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 'டாக்' என்றே அதற்குப் பெயர். அது போவிங்டன் டாங்கிக் காட்சிசாலையில் இன்றும் நிற்கிறது. ராக்கெட்டுகளால் உருண்டோடி எதிரியின் சுவரைத் தகர்க்க வேண்டிய 'பான்ஜான்ட்ரம்' என்ற ராட்சதச் சக்கரமோ, டெவன் கடற்கரைப் பரீட்சையில் திசை தவறி, பார்க்க வந்த அதிகாரிகளையே ஓட ஓட விரட்டியது. பரீட்சை செய்பவன் தவறுவான். அதை நாம் குறை கூறவில்லை. கடற்கரையில் தவறியது கடற்கரையோடு போயிற்று. பரீட்சையில் தேறாததை ஆயிரக்கணக்கில் வார்ப்பதுதான் குற்றம்.

நேர்மாறான உதாரணமும் உண்டு. டாங்கிப் படையின் மேதையான ஹோபர்ட் 1940-ல் பதவியிழந்து, தமது ஊர்க்காவல் படையில் சாதாரணக் கார்ப்பொரலாகப் பணிசெய்துகொண்டிருந்தார். சர்ச்சில் அவரை மீண்டும் அழைத்தார். 1944 ஜூன் 6-ந் தேதி நார்மண்டிக் கரையில் ஹோபர்ட்டின் விசித்திர வண்டிகள் இறங்கின: நீந்தும் டாங்கி, சங்கிலிகளைச் சுழற்றிக் கண்ணிவெடிகளை அடித்து வெடிக்கச் செய்யும் டாங்கி, சேற்றில் பாய் விரித்துச் செல்லும் டாங்கி. ஒவ்வொன்றும், நடந்து சென்றால் சாகக்கூடிய சிப்பாய் ஒருவனுடைய வேலையை இரும்பிடம் ஒப்படைப்பதற்காகப் பிறந்தது. கேலிக்குரியவையென எண்ணப்பட்ட அந்த வண்டிகள் எத்தனையோ உயிர்களைக் காத்தன.

யுத்தம் முடியும் தறுவாயில் வந்த 'செஞ்சூரியன்' உண்மையிலேயே சிறந்த டாங்கி. 1965 செப்டம்பரில் அஸல் உத்தரில் அமெரிக்கப் 'பாட்டன்' டாங்கிகளை எதிர்த்து நமது சேனை அதைக்கொண்டும் போரிட்டது. வண்டியை விட்டிறங்காமல் தேநீர் காய்ச்சிக்கொள்ள ஒரு மின்சாரப் பாத்திரத்தை அதனுள் பொருத்தியிருந்தார்கள். வெளியே நின்று அடுப்பு மூட்டியபோது குண்டுக்கு இரையானவர்களின் அனுபவம் தந்த பாடம் அது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், உள்ளிருப்பவனை நினைத்துச் செய்த காரியம் என்று நாம் அதை மதிக்கிறோம்.

ஆவடியில் சர்க்கார் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்ததும் இந்தச் சரித்திரத்தின் ஒரு கிளைதான். 1961-ல் விக்கர்ஸ் கம்பெனியுடன் செய்த ஒப்பந்தத்தின் பயனாக 'விஜயந்தா' டாங்கி அங்கே உற்பத்தியாயிற்று. காலப்போக்கில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை வெளிவந்தன. பீரங்கி நல்லது. என்ஜினோ லேலண்டு எல்-60. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எது கிடைத்தாலும் ஓடவேண்டுமென்ற மேல்நாட்டுக் கூட்டணியின் விருப்பத்துக்காக வகுக்கப்பட்ட என்ஜின் அது. இங்கிலாந்தின் சொந்த 'சீப்டன்' டாங்கியையும் வருஷக்கணக்கில் படுத்திய அதே என்ஜினை நாமும் சுமந்தோம். ஐரோப்பாவின் தேவைக்காகப் போட்ட நிபந்தனை, ராஜஸ்தான மணலில் ஓடும் வண்டிக்குப் பொருந்துமா என்பதை அப்போது கேட்டிருக்க வேண்டும். பிறகு, 1974-ல் அனுமதி பெற்ற நமது 'அர்ஜுன்' சேனையில் சேர்ந்தது 2004-ல். முப்பது வருஷம்! ஆகையால் இங்கிலாந்தைப் பார்த்து நகைப்பதற்கு நமக்கு அதிக உரிமையில்லை.

ஏஜாக்ஸுக்குத் திரும்புவோம். 1971 முதல் ஓடிய வேவு வண்டிகளுக்குப் பதிலாக 589 வண்டிகளுக்கு சுமார் 550 கோடி பவுனில் 2014-ல் ஒப்பந்தமாயிற்று. ஆஸ்திரியாவும் ஸ்பெயினும் சேர்ந்து அமைத்த வண்டியை மூலமாகக் கொண்டு, ஆயிரக்கணக்கான நிபந்தனைகளை அதன்மேல் ஏற்றினார்கள். 2021 முடிவில் 320 கோடி பவுன் கொடுத்தாயிற்று. கைக்கு வந்தவை 26 வண்டிகள் என்று பிரிட்டிஷ் தணிக்கை அதிகாரிகள் மறு வருஷம் வெளியிட்டார்கள். பரீட்சைகளில் சத்தத்துக்கும் அதிர்வுக்கும் ஆளாகியிருக்கக்கூடியவர்கள் முந்நூறுக்கு மேல் என்றும், முன்பே எழுந்த எச்சரிக்கைகள் உரிய கவனம் பெறவில்லை என்றும் 2021 டிசம்பர் மாத அறிக்கை சொல்லிற்று. சிலருக்குச் செவித்திறன் கெட்டது. 2023-ல் ஒரு வக்கீலின் தலைமையில் மற்றொரு விரிவான விசாரணையும் நடந்தது. இவ்வளவுக்கும் பிறகுதான் 2025 நவம்பரின் தகுதிப் பிரகடனம்.

சாட்சியங்களைச் சீர்தூக்கினால் ஒரு கேள்விதான் எஞ்சுகிறது. வண்டிக்குள் அமர்ந்தவன் "காது அடைக்கிறது, கை நடுங்குகிறது" என்று முதன்முதல் சொன்னபோது, அந்த வார்த்தை எந்தப் படியில் நின்றுபோயிற்று? சிப்பாயிடமிருந்து மந்திரி வரை எத்தனை மேஜைகள் உண்டு, எந்த மேஜையில் அது 'சமாளிக்கத்தக்க அசௌகரியம்' ஆக மாறிற்று? மந்திரி பிரகடனத்தில் கையெழுத்திடுமுன் அந்த வண்டியில் ஒரு முழு நாள் சென்றவர் எவரிடமாவது நேரில் கேட்டாரா? தணிக்கைக்காரர் பவுனைக் கணக்கிடலாம். இதைக் கேட்க வேண்டியது பார்லிமெண்டு. இதே கேள்வியை ஆவடியில் அடுத்த வண்டி வாசலைத் தாண்டுமுன் டில்லியில் நமது அங்கத்தினர்களும் கேட்பார்களென்று எதிர்பார்க்கிறோம்.