கார் விலை இறங்கும், கிளட்ச் விலை இறங்காது

போன வாரம் வந்த ஒரு மெயில்தான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

எழுதியவருக்கு சொந்த ஊர் தேனி மாவட்டம் வடுகபட்டி. வேலை பெங்களூருவில், மாதம் கைக்கு வருவது 58,000 ரூபாய். இரண்டு வருடம் முன்பு ஒரு அபார்த் புன்டோவை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். மாதம் ஒருமுறை ஊருக்கு வருவது அதில்தான். இப்போது போடிமெட்டு ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் முள் மட்டும் ஏறுதாம், வண்டி ஏற மாட்டேங்குதாம். கிளட்ச் தேய்ந்துவிட்டது, எல்லாம் சேர்த்து 60,000 ஆகும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். கையில் 70,000 இருக்கு, ஆனா அது தங்கச்சி கல்யாணத்துக்குன்னு எடுத்து வெச்ச பணம். கிரெடிட் கார்டில் போட்டு மாற்றலாமா, இல்லை வெளியே சொல்லாமல் வண்டியை விற்றுவிடலாமா என்று கேட்கிறார்.

"காரே ஒரு லயபிலிட்டி, முதல்ல அதை வித்துத் தொலைங்க" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். ஃபைனான்ஸ் சேனல்களில் பாதிப் பேர் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அஜித்குமார் 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் ஓடி அவருடைய அணி அதன் பிரிவில் மூன்றாவது இடம் பிடித்த வாரம், நம்ம ஊர்ப் பசங்க எத்தனை பேர் செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் விலையைத் தேடியிருப்பார்கள்! ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் அந்த ஆசைக்கு எதை விலை என்று நினைக்கிறோம் என்பதில்தான் கோளாறு இருக்கிறது.

இந்த அபார்த் புன்டோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015 அக்டோபரில் வந்தபோது டெல்லி ஷோரூம் விலை 9.95 லட்சம். 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல், 145 குதிரைசக்தி, ஐந்து கியர் மேனுவல். அந்த விலைக்கு அப்படி ஒரு வண்டி அப்போது வேறு யாரிடமும் இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வருவதற்குள் ஃபியட் நம் நாட்டில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. அதனால் செகண்ட் ஹேண்ட் விலை நன்றாக இறங்கியது. நம்ம ஆளு வாங்கினது அந்த இறங்கின விலைக்கு.

இறங்கியது கார் விலை மட்டும்தான். கிளட்ச் செட் தயாரிப்பவருக்கு உங்கள் கார் எத்தனாவது கை என்று தெரியாது. வயசாக வயசாக ஸ்பேர் விலை குறைவதும் இல்லை. கிடைப்பது அரிதானால் கூடத்தான் செய்யும். ஃபியட்டின் 1.3 டீசல் எஞ்சின் ஸ்விஃப்ட்டிலும் ஓடியது, இண்டிகா விஸ்டாவிலும் ஓடியது. அதன் பாகங்களை ஊருக்கு ஊர் வைத்திருப்பார்கள். இந்த 1.4 டர்போ பெட்ரோல் வந்த வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஸ்பேருக்குக் காத்திருக்கும் நாட்களும் செலவுதான்.

கிளட்ச் எப்படித் தேய்கிறது என்று ஒரு நிமிஷம் பார்த்துவிடுவோம், ஏன்னா இந்தச் செலவில் பாதி நம் இடது காலில் இருக்கிறது. எஞ்சினோடு சேர்ந்து சுற்றுவது ஃப்ளைவீல். கியர்பாக்ஸோடு சேர்ந்து சுற்றுவது கிளட்ச் பிளேட். பிரஷர் பிளேட் இந்த இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. முழுசாகப் பிடித்துவிட்டால் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும், தேய்மானம் கிட்டத்தட்ட இல்லை. பெடலைப் பாதி மிதித்த நிலையில், அதாவது ஹாஃப் கிளட்சில், இரண்டும் வேறு வேறு வேகத்தில் உரசும். தேய்வது அங்கேதான்.

அதனால் பெங்களூருவிலிருந்து சேலம், கரூர், திண்டுக்கல் வழியாக பெரியகுளம் வரைக்கும் 400 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவது கிளட்சுக்குப் பெரிய வேலையே இல்லை. சில்க் போர்டு சிக்னலில் தினமும் ஊர்ந்து போவதுதான் வேலை. அடுத்தது மலை. போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். கார்த்திகை, மார்கழியில் குமுளி மலைப்பாதையில் ஐயப்ப பக்தர்கள் வண்டி வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்: ஏற்றத்தில் பத்தடி நகர்வது, நிற்பது, மறுபடி பத்தடி. அப்போது ஹேண்ட்பிரேக் போடாமல் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்தினால் பிளேட் கருகும் வாசனை உள்ளே வரும். அந்த வாசனைக்கும் காசு கொடுக்கிறோம். இது போதாதென்று சிலர் ரீமேப் செய்து டார்க்கைக் கூட்டிவிடுகிறார்கள். அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் பழையதேதான், எஞ்சின் தள்ளும் பலம் மட்டும் கூடுது. அப்புறம் கிளட்ச் வழுக்காமல் என்ன செய்யும்?

வடுகபட்டி என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது பூண்டுச் சந்தை. கொடைக்கானல் மலைக் கிராமங்களிலிருந்து மூட்டை இறங்குகிற ஊர். மலையில் லோடு அடிக்கும் குட்டியானைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், கிளட்ச் மாற்றுவது அவருக்கு அதிர்ச்சி கிடையாது. டயர், ஆயில், கிளட்ச் எல்லாம் தேயும் என்று தெரிந்துதான் வாடகை பேசுவார். தேய்மானத்தை வாடகையில் ஏற்றாதவர் இரண்டு வருடத்தில் வண்டியை ஃபைனான்ஸ்காரரிடம் விட வேண்டியதுதான். நமக்கு யாரும் வாடகை தருவதில்லை. அதனால் அந்தக் கணக்கே மனதில் ஓடுவதில்லை.

"எமர்ஜென்சி ஃபண்டிலிருந்து எடுக்கலாமா சார்?" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். வேலை போவது எமர்ஜென்சி. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது எமர்ஜென்சி. கிளட்ச் தேய்வது, தேதி மட்டும் தெரியாத ஒரு பில். 60,000 ரூபாய் கிளட்ச் 60,000 கிலோமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டினால் 1,500 ரூபாயைத் தனி ஆர்டியில் போட வேண்டும். ஹாஃப் கிளட்சிலேயே ஓட்டி 30,000-த்தில் தேய்த்துவிட்டால் அதே செலவு கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய். இந்த ஆர்டியைப் போட முடியாதவருக்கு அந்த கார் கட்டுப்படியாகவில்லை என்றே நான் சொல்வேன், இஎம்ஐ கட்ட முடிந்தாலும் சரி.

இன்ஷூரன்ஸ் தருமா என்று கேட்காதீர்கள். சாதாரண மோட்டார் பாலிசியில் தேய்மானமும் மெக்கானிக்கல் கோளாறும் வெளியே. ஜீரோ டெப் எடுத்திருந்தாலும் அது விபத்து க்ளெய்மில் பாகங்களுக்குப் பிடிக்கும் தேய்மானக் கழிவுக்கு மட்டும்.

"ஆட்டோமேட்டிக் வாங்கினா இந்தத் தொல்லை இல்லையே?" இருக்கு. 2016-ல் 25.99 லட்சத்துக்கு வந்த போலோ ஜிடிஐ-யில் இருந்தது ஏழு கியர் டிஎஸ்ஜி. அதில் பெடல்தான் இல்லை, உள்ளே கிளட்ச் இரண்டு. பில்லும் அதற்கேற்ற மாதிரிதான் வரும். சீனாவில் டிஎஸ்ஜி கோளாறுக்காக 2013-ல் ஃபோக்ஸ்வாகன் 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது. ஆட்டோமேட்டிக் வாங்குவதற்கு முன் அது எந்த வகை ஆட்டோமேட்டிக் என்று கேளுங்கள், அது போதும்.

சரி, நண்பரின் கேள்விக்கு வருவோம்.

சொல்லாமல் விற்பது பற்றி முதலில். வாங்குபவர் கேட்காத ஒன்றைச் சொல்லாமல் இருப்பது வேறு. தெரிந்தே மறைக்க ஏற்பாடு செய்வதும், கேட்கும்போது "கிளட்ச் பக்காவா இருக்கு" என்று பொய் சொல்வதும் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 17-ஆம் பிரிவில் மோசடி. சட்டத்தை விடுங்க, வாங்குகிறவரும் நம்மை மாதிரி ஒரு சம்பளக்காரராகத்தான் இருப்பார். விற்பதென்றால் எஸ்டிமேட்டைக் கையில் கொடுத்து, அந்தத் தொகையைக் குறைத்து விற்கவும்.

கிரெடிட் கார்டு வேண்டவே வேண்டாம். மாதம் 3.5 சதவீதம் வட்டி என்றால் 60,000-க்கு 2,100 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி 378. மினிமம் மட்டும் கட்டி இழுத்தால் அந்த வட்டியிலேயே அடுத்த கிளட்ச் வாங்கிவிடலாம். கல்யாணப் பணத்தையும் தொடக்கூடாது. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கேட்கும் நாளில் உங்களுடைய கார் கதையை யாரும் கேட்க மாட்டார்கள்.

என் யோசனை: வண்டியை நிறுத்துங்கள். வழுக்கும் கிளட்சோடு ஓட்டினால் சூட்டில் ஃப்ளைவீலும் கெடும், 60,000 அதற்கு மேலே போகும். ஊருக்குப் போய் வர 900 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிடைத்தால் 75 லிட்டர் பெட்ரோல், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 7,500. டோல் தனி. பஸ்ஸில் போய் வந்தால் இதில் 5,000 மிஞ்சும். சம்பளத்திலிருந்து இன்னொரு 5,000 சேருங்கள். மாதம் 10,000, ஆறு மாதத்தில் கிளட்ச், கடன் இல்லாமல்.

வேலை கொடுக்கும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாகவே மாற்றச் சொல்லுங்கள். கூலியில் பெரும்பகுதி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்கு. ஒரு பேரிங்குக்காக அதை இரண்டாவது தடவை கொடுக்காதீர்கள். இறக்கியபோதே ஃப்ளைவீலையும் எஞ்சின் பக்க ஆயில் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள், பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். எஸ்டிமேட்டில் இன்னும் 28 என்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள். இடையில் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து கொஞ்சம் நகர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்து பேட்டரிக்கும் ஒரு மெயில் போட வேண்டி வரும்.