வேலியில் பிறந்த எட்வர்டு ரோஜா!

பூக்கடைகளில் கூடை கூடையாகக் குவித்து வைத்து, எடை போட்டு விற்கும் எட்வர்டு ரோஜாவைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. கல்யாண மாலையா, கோயில் மாலையா, எதிலும் அது இருக்கும். பெயரைக் கேட்டதும், ‘இங்கிலாந்து ராஜா எட்வர்டு பெயரை வைத்திருப்பார்கள்’ என்றுதான் தோன்றும். ஆனால், இந்தப் பூவுக்கும் ராஜாவுக்கும் சம்பந்தமே இல்லை. இதன் பிறந்த இடம் அரண்மனைத் தோட்டமும் அல்ல, ஒரு வேலி!

இந்தியப் பெருங்கடலில், மொரீஷியஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது ரீயூனியன் தீவு. பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருந்த அந்தத் தீவுக்கு அப்போதைய பெயர் ‘பூர்போன் தீவு’. அங்கே விவசாயிகள் தங்கள் நிலத்தைச் சுற்றி ரோஜாச் செடிகளையே வேலியாக நட்டிருந்தார்கள். அதில் இரண்டு வகைகள் உண்டு. ஒன்று, வாசனைக்குப் பெயர் பெற்ற டமாஸ்க் ரோஜா. இன்னொன்று, சீனாவிலிருந்து வந்த இளஞ்சிவப்பு ரோஜா. இதில் வாசனை குறைவு. ஆனால், திரும்பத் திரும்பப் பூக்கும்.

பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டுக்கும் இடையே யாரும் சொல்லிக்கொடுக்காமலே மகரந்தச் சேர்க்கை நடந்தது. பெரிஷோன் என்ற நிலக்காரர், மற்றவற்றிலிருந்து மாறுபட்ட ஒரு செடியைக் கவனித்து, பிடுங்கிப் போடாமல் வளரவிட்டார். அவருடைய முதல் பெயர் எதுவார். அதனால் அது ‘எதுவார் ரோஜா’ ஆனது என்கிறார்கள். அந்தப் பிரெஞ்சுப் பெயரை ஆங்கிலத்தில் சொன்னால், எட்வர்டு!

1817-ல் தாவரவியல் தோட்டத்தைக் கவனிக்க பிரெயோன் என்பவர் தீவுக்கு வந்தார். வேலிச் செடியின் அருமை அவருக்குப் புரிந்தது. 1819-ல் அதன் விதைகளைப் பாரிஸ் அருகே நெய்லியில் இருந்த ஆர்லியன்ஸ் பிரபுவின் தோட்டக்காரர் ஜாக் என்பவருக்கு அனுப்பிவைத்தார். ஜாக் வளர்த்த செடிகளிலிருந்து ஐரோப்பாவில் ‘பூர்போன் ரோஜா’ பரவியது. சில ஆண்டுகளிலேயே, ரோஜா ஓவியங்களுக்குப் புகழ்பெற்ற ரெடூதே அதை வரைந்துவிட்டார்.

இதில் என்ன அதிசயம்? ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் பெரும்பாலானவை வருடத்துக்கு ஒருமுறை, கோடையில் மட்டுமே பூத்தன. வாசனையும் வேண்டும், பல மாதங்கள் பூவும் வேண்டும் என்று ஏங்கியவர்களுக்கு, இரண்டையும் ஒரே செடியில் தந்தது இந்தத் தீவுப் பூ. 1843-ல் வந்த ‘சுவெனீர் தி லா மல்மேசான்’, 1868-ல் வந்த, முள்ளே இல்லாத ‘செஃபிரீன் துரூவேன்’ எல்லாம் பூர்போன் குடும்பத்துப் பிள்ளைகள். இன்று பூங்கொத்துகளில் பார்க்கும் நீளக் காம்பு ரோஜாக்களின் முன்னோர் வரிசையிலும் பூர்போன் ரோஜாக்களுக்கு இடம் உண்டு.

தமிழர்களுக்கும் அந்தத் தீவுக்கும் வேறொரு பந்தமும் இருக்கிறது. 1848-ல் அங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்ட பிறகு, கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களின் வாரிசுகள் கட்டிய கோயில்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. இங்கிருந்து மனிதர்கள் அந்தத் தீவுக்குப் போனார்கள்; அந்தத் தீவின் பூ இங்கே வந்து நம் சாமிக்கு மாலையானது!

வீட்டில் எட்வர்டு ரோஜா வளர்க்க ஆசையா? விதையை நம்பாதீர்கள். கலப்பில் பிறந்த செடி என்பதால், விதையில் முளைப்பது தாயைப் போலவே இருக்காது. பென்சில் தடிமனில், முற்றிய குச்சியை வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும். நல்ல வெயில் படும் இடம், தண்ணீர் தேங்காத மண், பூத்து முடித்த கிளையைக் கவாத்து செய்வது... இவ்வளவு போதும்.

வேலியில் தானாக முளைத்த அந்தச் செடியை அன்று களை என்று பிடுங்கி எறிந்திருந்தால், இந்தப் பூவே நமக்குக் கிடைத்திருக்காது. அடுத்தமுறை தொட்டியில் பெயர் தெரியாத கன்று ஏதாவது முளைத்தால், பிடுங்கும் முன் ஒரு பூ பூக்கும் வரையாவது பொறுத்துப் பாருங்களேன்!