உங்கள் கிளப்புக்கு ஒரு காட்டுயிர் ஓவியரைக் கூப்பிடுங்கள்

ரோட்டரி, லயன்ஸ், கிவானிஸ் என்று எந்தச் சேவை சங்கத்துக்குப் போனாலும் கூட்டம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கும். சாப்பாடு, அறிவிப்புகள், ஒரு விருந்தினர் இருபது நிமிடம் பேச்சு, கைதட்டல், நினைவுப் பரிசு, வீட்டுக்குக் கிளம்பல். ஆலன், பிளேனோ, மெக்கின்னி பக்கம் ஹைஸ்கூலில் படிக்கும் உங்களில் பலர் இந்தச் சங்கங்களின் இளையோர் பிரிவுகளான இன்டராக்ட், லியோ, கீ கிளப்பில் இருக்கிறீர்கள். யாரைப் பேசக் கூப்பிடலாம் என்று கேட்டால் டாக்டர், தொழிலதிபர், காலேஜ் அட்மிஷன் ஆலோசகர் என்று பட்டியல் வரும். மிருகங்களையும் பறவைகளையும் வரையும் ஒருவரைக் கூப்பிடலாம் என்றால், "நல்லாத்தான் இருக்கும், ஆனா அதுல சேவை எங்க இருக்கு?" என்று யாராவது கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனாலும் அந்த ஓவியரைக் கூப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

முதலில், ஒரு விருந்தினர் பேச்சால் என்ன ஆகிவிடும்? லயன்ஸ் சங்கத்தின் முதல் மாநாடு 1917-ல், நமக்குப் பக்கத்தில் இருக்கும் டல்லாஸில் நடந்தது. எட்டு வருடம் கழித்து, 1925-ல் ஒஹாயோவில் நடந்த மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். பார்வை இல்லாதவர்களுக்கு நீங்கள் துணை நிற்க வேண்டும் என்று நேரடியாகக் கேட்டார். இன்று உலகம் முழுக்க லயன்ஸ் என்றால் கண் சிகிச்சை முகாம்தான் ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டில் உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள். அதற்கு விதை போட்டது ஒரு விருந்தினரின் பேச்சு. அவர் வந்தவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டுப் போனார்.

சரி, ஓவியரால் அப்படி ஒரு வேலையைக் கொடுக்க முடியுமா? முடிந்திருக்கிறது.

ஜே நார்வுட் டார்லிங் ஒரு பத்திரிகை கார்ட்டூனிஸ்ட், வாத்து வேட்டைக்காரரும்கூட. 1930-களின் வறட்சியில் ஏரிகள் வற்றி, நீர்ப்பறவைகள் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தன. 1934-ல் வந்த சட்டப்படி, வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் ஒரு டாலர் ஸ்டாம்ப் வாங்க வேண்டும். அந்தப் பணம் நீர்நிலைகளைக் காப்பதற்குப் போகும். முதல் ஸ்டாம்பின் படத்தை வரைந்தவர் டார்லிங். இப்போது ஸ்டாம்பின் விலை 25 டாலர். இதுவரை 100 கோடி டாலருக்கு மேல் சேர்ந்து, சுமார் 60 லட்சம் ஏக்கர் நிலத்தைக் காக்க உதவியிருக்கிறது.

டேவிட் ஷெப்பர்ட் இங்கிலாந்துக்காரர், விமானங்களை வரைந்துகொண்டிருந்தவர். 1960-ல் பிரிட்டிஷ் விமானப்படையின் விருந்தினராகக் கிழக்கு ஆப்பிரிக்கா போனார். அங்கே திருட்டு வேட்டைக்காரர்கள் விஷம் வைத்த ஒரு நீர்க்குட்டையைச் சுற்றி 255 வரிக்குதிரைகள் செத்துக் கிடந்ததைப் பார்த்தார். அதன் பிறகு அவர் வாழ்க்கையே திசை மாறியது. 1973-ல் அவர் வரைந்த ஒரு புலி ஓவியத்தின் மூலம் 1,27,500 பவுண்டு திரண்டு, இந்தியாவின் புலிகளைக் காக்கும் முயற்சிக்குப் போனது. நம் ஊரில் 'ப்ராஜெக்ட் டைகர்' ஆரம்பித்ததும் அதே வருடம்தான்.

நம்மவர்களிலும் ஒருவர் இருக்கிறார். மா. கிருஷ்ணன், 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். தமிழின் ஆரம்பகால நாவல்களில் ஒன்றான 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1950-லிருந்து 1996-ல் சாகும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழிலும் எழுதினார். தன் கட்டுரைகளுக்குத் தானே படம் போட்டார். யானை, புலி மட்டுமல்ல, காக்கை, அணில், ஓணான் எல்லாம் அவருக்கு முக்கியம். அந்தந்த மண்ணின் செடி கொடிகளும் மிருகங்களுமே அந்தந்த இடத்துக்கு உரியவை என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

இந்த மூன்று பேரும் மற்றவர்கள் தாண்டிப் போனதை நின்று பார்த்தவர்கள். வரைவதற்கு அப்படித்தான் பார்க்க வேண்டும். போனில் போட்டோ எடுக்க ஒரு நொடி போதும். ஒரு பறவையை வரைய வேண்டுமென்றால் அலகு எவ்வளவு நீளம், அது எந்தக் கிளையில் உட்காருகிறது, என்ன தின்கிறது என்று கவனித்தாக வேண்டும். எதையும் கவனிக்காதவரால் அதற்கு என்ன குறை என்று சொல்ல முடியாது. சேவைக்கும் முதல் படி அதுதானே?

இப்போது ஆலனுக்கு வருவோம். வெயில் காலத்தில் உங்கள் அப்பா வீட்டைச் சுற்றி ஹோஸ் போட்டு ஃபவுண்டேஷனுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம், நம் வீடுகள் நிற்பது காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் கரிசல் மண்ணில். கோவில்பட்டிப் பக்கம் பருத்தி விளைகிறதே, அந்த மாதிரி மண்தான். 'பிளாக்லேண்ட் ப்ரெய்ரி' என்ற பெரிய புல்வெளி இங்கே இருந்தது. இன்று அதில் நூற்றுக்கு ஒரு பங்குகூட மிச்சமில்லை. முதலில் பருத்திக் காடுகளாகவும், பிறகு நம் வீடுகளாகவும், கடைகளாகவும் ஆகிவிட்டது. இருந்தும் கோடையில் நீலத் தலை, சிவப்பு மார்பு, பச்சை முதுகோடு பெயின்டட் பன்டிங் குருவி ஓடைக்கரைப் புதர்களுக்கு வருகிறது. அக்டோபரில் மோனார்க் பட்டாம்பூச்சிகள் மெக்சிகோ போகும் வழியில் நம் தலைக்கு மேல் பறக்கின்றன. உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?

காலேஜ் அப்ளிகேஷனுக்குச் சேவை மணிக்கணக்கு வேண்டும், எனக்குப் புரிகிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நூறு மணி நேரம் கையெழுத்து வாங்கிய பிறகும் சொந்த ஊரில் என்ன வாழ்கிறது, என்ன அழிகிறது என்று தெரியாவிட்டால் அந்தக் கணக்கு தாளோடு நின்றுவிடும். "இது என் ஊர்" என்று நாம் சொல்வதற்கும் அர்த்தம் இருக்காது. நம் அப்பா அம்மாவுக்கு இது வந்து சேர்ந்த ஊர். நமக்கு இது பிறந்து வளர்ந்த ஊர்.

ஆனால் ஒன்று. அழகான ஸ்லைடு காட்டி, கைதட்டி அனுப்பினால் அது வெறும் பொழுதுபோக்குதான். அதனால் கூப்பிடும்போதே சில விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். பேச்சைச் சுருக்கி, எல்லாருடைய கையிலும் பென்சிலும் பேப்பரும் கொடுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஹாலை விட்டு வெளியே வாருங்கள். ஆலனில் கனிமாரா புல்வெளி இருக்கிறது, மெக்கின்னியில் ஹெர்ட் காப்பகம் இருக்கிறது. தம்பி தங்கைகளையும் சேர்த்துக்கொண்டு ஜூனியர் டக் ஸ்டாம்ப் போட்டிக்கு வரையுங்கள். கே-யிலிருந்து 12-ம் வகுப்பு வரை உள்ள மாணவர்களுக்கானது அது.

கடைசியில், நன்றியுரைக்கு முன்னால் ஓவியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நாங்கள் இந்த வருடம் என்ன செய்ய வேண்டும்?" ஓர் ஓடைக்கரையைச் சுத்தம் செய்வதாக இருக்கலாம், பள்ளி வாசலில் மில்க்வீட் நடுவதாக இருக்கலாம். அவர் சொல்லும் பதிலை மினிட்ஸில் எழுதி, அடுத்த கூட்டத்தின் முதல் அஜெண்டாவாக வையுங்கள்.