நான்காக வெட்டப்பட்ட ஆங்கிலம்

ரயில் நிலையத்தில் நிற்கும் பயணி அறிவிப்பைக் கேட்கிறார். பலகையில் நேரத்தைப் படிக்கிறார். கவுன்டரில் விசாரிக்கிறார். முன்பதிவுப் படிவத்தை நிரப்புகிறார். கேட்டல், படித்தல், பேசுதல், எழுதுதல் என்ற நான்கு திறன்களும் பத்து நிமிடத்தில், ஒரே வேலைக்காக, ஒன்றோடொன்று பின்னி வந்துவிடுகின்றன. பள்ளிக்கூட ஆங்கிலத்தில்தான் இவை தனித்தனி. பல வகுப்பறைகளில் நான்கும்கூட இல்லை. ஆசிரியர் பாடத்தை வாசித்து, தாய்மொழியில் பொருள் சொல்லி, விடைகளைக் கரும்பலகையில் எழுதிப்போடுவார். மாணவர்கள் பார்த்து எழுதுவார்கள். அதற்குப் பெயர் ஆங்கில வகுப்பு.

இதை உடைத்துப் பார்த்தவர் என்.எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய அவர், 1979 முதல் 1984 வரை தென்னிந்தியாவின் சாதாரணப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய சோதனைக்கு ‘பெங்களூர் திட்டம்’ என்றே உலகெங்கும் பெயர் நிலைத்துவிட்டது. விசேஷக் கருவிகள் ஏதுமில்லை. கரும்பலகை, சாக்பீஸ், காகிதம். இலக்கணப் பட்டியலும் கிடையாது. மாணவர்களுக்கு ஒரு ரயில் கால அட்டவணையோ, ஊர் வரைபடமோ தரப்படும். மதியத்துக்குள் போய்ச் சேர எந்த ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதுபோல ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்பார். முதலில் வகுப்பு முழுவதும் வாய்மொழியாக ஒரு கணக்கைத் தீர்க்கும். பிறகு அதே மாதிரி இன்னொன்றை ஒவ்வொருவரும் தனியாக எழுதித் தீர்க்க வேண்டும். விடை சரியா என்பதற்குத்தான் மதிப்பெண். வாக்கியம் எப்படி இருந்தாலும் சரி. புத்தி அர்த்தத்தில் இருக்கும்போது இலக்கணம் தானாக உள்ளே இறங்கும் என்பது பிரபுவின் நம்பிக்கை.

முழு வெற்றி என்று சொல்வதற்கில்லை. பிள்ளைகள் நிறையக் கேட்டார்கள், படித்தார்கள், பேசியது குறைவு. அரைகுறை ஆங்கிலம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் என்று குழுப் பேச்சை பிரபுவே ஊக்குவிக்கவில்லை. வெளியிலிருந்து மதிப்பிட்ட பெரெட்டாவும் டேவிஸும் 1985இல் வெளியிட்ட முடிவு, திட்டத்துக்கு ஓரளவு சாதகம்தான். ஆனாலும் ஒன்று தெரிந்தது: பணக்காரப் பள்ளியோ மொழிக்கூடமோ இல்லாமலே, ஒரு காகித அட்டவணையைச் சுற்றித் திறன்களைக் கோக்க முடியும்.

அப்படியானால் ஏன் பரவவில்லை? ஆசிரியர்கள் மீது பழி போடுவது எளிது. ஆனால் இந்த முறைக்கு, மாணவன் எதிர்பாராமல் சொல்லும் பதிலுக்கு அந்த நொடியிலேயே ஆங்கிலத்தில் மறுமொழி சொல்லும் தைரியம் வேண்டும். கேள்வி-பதில் நோட்டு அந்தச் சங்கடத்தைத் தருவதில்லை. தேர்வும் நோட்டின் பக்கமே நிற்கிறது. சி.பி.எஸ்.இ. 2012-13இல் கேட்டல், பேசுதலுக்கு முறையான தேர்வு கொண்டுவந்தது. பின்னர் அது பள்ளியளவிலான மதிப்பீட்டுக்குள் சுருங்கியது. பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் இன்று எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண். கேட்பதற்கும் பேசுவதற்கும் சேர்த்து 5. அந்த ஐந்தையும் பள்ளியே போட்டுக்கொள்ளலாம். போட்டும் விடுகிறது, தாராளமாக.

வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளைக்கு இதனால் நஷ்டமில்லை. வகுப்பறையைத் தவிர வேறெங்கும் ஆங்கிலம் காதில் விழாத பிள்ளைதான் பன்னிரண்டு ஆண்டு படித்து, எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிட்டு, நேர்முகத் தேர்வில் முதல் கேள்வி புரியாமல் விழிக்கிறது. விடை அதற்குத் தெரிந்தே இருக்கும். எழுதிக்கொடுக்கச் சொன்னால் எழுதியும் கொடுக்கும்.