தாத்தாவுக்கு டப்பிங் கிடையாது

தமிழ் சினிமா நம் கண்ணை வளர்த்த அளவுக்குக் காதை வளர்க்கவில்லை. பல வருஷங்களாக நடிகர்கள் ஷூட்டிங்கில் வாயசைத்துவிட்டு, பிறகு ஏ.ஸி. தியேட்டரில் சாவகாசமாக உட்கார்ந்து டப்பிங் பேசினார்கள். கதாநாயகிக்குப் பேசுவது வேறு யாரோ. கொட்டும் மழையிலும் 'என்னை மறந்துடுங்க' மட்டும் துல்லியமாகக் கேட்கும். 2001-ல் வந்த 'லகான்' படத்தில் நடிக்கும் இடத்திலேயே வசனத்தைப் பதிவு செய்தார்கள் என்பதே ஒரு செய்தியாகப் பேசப்பட்டது. தமிழில் 2004-ல் 'விருமாண்டி'. இதன் விளைவு, படம் எடுக்கக் கிளம்பும் இளைஞர்கள் எல்லோரும் முதலில் கேமரா விலை விசாரிக்கிறார்கள். சத்தமா? அது அப்புறம் பார்த்துக்கலாம் சார்.

டாக்குமெண்டரியில் அந்த 'அப்புறம்' கிடையாது.

என் தங்கை மகன் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறான். வாரத்தில் ஐந்து நாள் ஜி.எஸ்.டி., இரண்டு நாள் கலை. செய்யாறு பக்கத்தில் ஒரு கிராமத்தில், தெருக்கூத்துக்கு முகவீணை வாசித்த 80 வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் இருக்கிறார், அவரைப் பற்றி அரை மணி நேரப் படம் எடுக்க வேண்டும் என்றான். நல்ல காரியம். முகவீணை தெரியாதவர்களுக்கு: நாதஸ்வரத்தின் குட்டித் தம்பி மாதிரி இருக்கும். உருவம் சிறிசு, சத்தம் பெரிசு.

"எவ்வளவு வெச்சிருக்கே?"

"எழுபதாயிரம் மாமா. அறுபத்தஞ்சுக்கு ஒரு கேமரா பார்த்து வெச்சிட்டேன்."

"சவுண்டு?"

"கேமராலயே மைக் இருக்கே!"

இந்த 'இருக்கே'யைக் கொஞ்சம் விசாரிக்கலாம். கேமரா எட்டடி தள்ளி நிற்கிறது. பெரியவர் வாயிலிருந்து புறப்படும் சத்தம், தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். ஓரடியிலிருந்து எட்டடிக்கு மூன்று இரட்டிப்பு, ஆக 18 டெசிபல் போச்சு. ஆனால் தலைக்கு மேல் சுற்றும் ஃபேன் சத்தமும், வாசலில் போகும் டவுன் பஸ்ஸும் குறைவதில்லை. அவை எங்கும் நிறைந்த பரம்பொருள். போதாதற்கு, கேமராவில் தானியங்கியாகச் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஒரு சமாசாரம் இருக்கிறது. பெரியவர் பழசை நினைத்து ஒரு நிமிஷம் மௌனமாவார். உடனே கேமரா 'அடடா, சத்தம் குறைந்துவிட்டதே' என்று பதறி ஏற்றிவிடும். உருக்கமான அந்த மௌனத்தில் ஃபேன் மட்டும் கர்ஜிக்கும்.

ஆகவே தனி ரிகார்டர். இது இன்று நேற்றுப் பிறந்த ஞானம் இல்லை. போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் குடியேறிய ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1951-ல் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒரு டேப் ரிகார்டர் செய்தார். பெயர் நாக்ரா. போலிஷ் மொழியில் 'பதிவு செய்யும்' என்று அர்த்தம். பிற்பாடு அது கேமராவோடு பிசகாமல் சேர்ந்து ஓடக் கற்றுக்கொண்டதும், டாக்குமெண்டரியின் ஜாதகமே மாறிவிட்டது. ஸ்டூடியோவில் உட்கார்ந்து கனத்த குரலில் விளக்கம் படித்தது போய், மனிதர்கள் தெருவில் தாங்களே பேச ஆரம்பித்தார்கள்.

1961-ல் ஜான் ரூஷ், எட்கர் மோரின் இருவரும் எடுத்த 'ஒரு கோடையின் நாளேடு' என்ற பிரெஞ்சுப் படத்தில் ஒரு காட்சி. மார்சலின் லொரிதான் என்ற பெண் பாரிஸ் தெருவில் தனியாக நடக்கிறாள். தோளில் நாக்ரா, உடையில் ஒரு சின்ன மைக். நாஜி வதைமுகாமுக்குத் தன்னோடு கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராத அப்பாவைப் பற்றித் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறாள். கேமரா அவளை விட்டு விலகிக்கொண்டே போகிறது. உருவம் சின்னதாகிறது. குரல் மட்டும் நம் காதோரமே இருக்கிறது. இதைக் கேமரா மைக்கில் எடுத்திருந்தால் மார்க்கெட் இரைச்சல்தான் கிடைத்திருக்கும். அப்பா கிடைத்திருக்க மாட்டார்.

சரி, இன்றைக்கு எதை வாங்குவது? கடைக்காரர் பத்து ரகம் அடுக்குவார். அசராமல் இந்த ஐந்தை மட்டும் பாருங்கள்.

ஒன்று, ப்ரீ-ஆம்ப். மைக்கிலிருந்து வரும் நூலிழை போன்ற சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட். மட்டமானதாக இருந்தால் மெல்லிய குரலோடு 'ஸ்ஸ்ஸ்' என்று தோசைக்கல் சத்தமும் சேர்ந்து வரும். விவரத் தாளில் ஈ.ஐ.என். என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். மைனஸ் 120 டிபியு என்றால் பரவாயில்லை. மைனஸ் 127 என்றால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 131-க்குக் கீழே இயற்கையே விடாது. வழக்கமான 150 ஓம் மைக்கில் எலெக்ட்ரான்கள் சும்மா அலைவதாலேயே அவ்வளவு சத்தம் உண்டு. எண்ணைப் போடவே இல்லையென்றால், சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்று யூகிக்கலாம்.

இரண்டு, எக்ஸ்.எல்.ஆர். என்கிற மூன்று பின் சாக்கெட்டும், மைக்குக்கு உயிர் கொடுக்கும் 48 வோல்ட்டும். அந்த வயரில் ஒரே சிக்னலை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பிகளில் அனுப்புகிறார்கள். வழியில் ஒட்டிக்கொள்ளும் கரண்ட் உறுமல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறுவதால், கடைசியில் கழித்துவிட்டால் காணாமல் போகும். அக்கவுண்ட்ஸ்காரனுக்கு இது உடனே புரிந்துவிட்டது. "கான்ட்ரா என்ட்ரி!" என்றான்.

மூன்று, ஹெட்ஃபோன் துளை. அதில் மாட்டக் காதை முழுசாக மூடும் ஹெட்ஃபோன். 1991-லிருந்து விற்கும் சோனி எம்.டி.ஆர்.-7506 இன்னும் பல சவுண்டுக்காரர்கள் தலையில் இருக்கிறது. மீட்டரில் முள் ஆடுவதைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். முள்ளுக்குக் குரலும் ஒன்றுதான், கொசு பேட்டும் ஒன்றுதான்.

நான்கு, பாட்டரி. எந்தப் பெட்டிக் கடையிலும் கிடைக்கும் டபுள்-ஏ போட முடிந்தால் உத்தமம். ரிகார்டரோடு பிறந்த தனி ஜாதி பாட்டரியைச் செய்யாற்றில் தேட முடியாது.

ஐந்து, பட்டன்கள். இது அற்பமாகத் தோன்றும். சில ரிகார்டர்களில் சிவப்புப் பட்டனை ஒரு தடவை அமுக்கினால் விளக்கு மினுக்கும், மீட்டர் ஆடும், ஹெட்ஃபோனில் சத்தம்கூடக் கேட்கும். ஆனால் பதிவாகாது! இரண்டாவது தடவை அமுக்கினால்தான் ஓடும். ஜூம் ஹெச்4என் அப்படிப்பட்டது. ஒரு மணி நேரப் பேட்டியை இப்படிக் காற்றுக்குத் தானம் செய்த புண்ணியவான்கள் உலகெங்கும் உண்டு. விளக்கை நம்பாதீர்கள், ஓடும் விநாடிகளைப் பாருங்கள்.

இப்போது புதுசாக வந்திருக்கும் மந்திரம் '32 பிட் ஃப்ளோட்'. 16 பிட்டில் மிகச் சன்னத்துக்கும் மிகப் பெரிசுக்கும் இடையே 96 டெசிபல் அடங்கும். 24 பிட்டில் ஏட்டளவில் 144. 32 பிட் ஃப்ளோட்டில் 1500-க்கும் மேல். ஜெட் என்ஜின் பக்கத்தில் நின்றாலே 140 சொச்சம்தான் என்பதால் மிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. விஷயம் என்னவென்றால், உள்ளே ஒன்று சன்னமான சத்தத்துக்கு, ஒன்று பலமானதுக்கு என்று இரண்டு கன்வர்ட்டர்கள் உட்கார்ந்திருக்கின்றன. குரல் கிசுகிசுத்தாலும் அலறினாலும் பிறகு எடிட்டிங்கில் சரி செய்துகொள்ளலாம். தனி ஆளாக கேமராவையும் பிடித்துக்கொண்டு சத்தத்தையும் கவனிப்பவனுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் மைக்கே திணறிவிட்டால் எத்தனை பிட் இருந்தும் பிரயோசனம் இல்லை. மைக் எட்டடி தள்ளியிருந்தால் எட்டடி தள்ளியதுதான்.

ரகங்களைச் சொல்லிவிடுகிறேன். சட்டைப் பைக்குள் போகும் ஜூம் ஹெச்1 எசென்ஷியல் 2024-ல் அமெரிக்காவில் சுமார் 100 டாலருக்கு அறிமுகமானது. சின்ன மைக் குத்திப் பேட்டி எடுக்கப் போதும், ஆனால் எக்ஸ்.எல்.ஆர். கிடையாது. அதே வருஷம் வந்த ஹெச்4 எசென்ஷியல் சுமார் 200. சொந்த மைக்கும் உண்டு, எக்ஸ்.எல்.ஆரும் உண்டு. 2022-ல் வந்த எஃப்3 சுமார் 350. கால் கிலோ, இரண்டு எக்ஸ்.எல்.ஆர்., மைனஸ் 127, மூன்றும் 32 பிட் ஃப்ளோட்தான், ஆனால் எஃப்3-ல் சொந்த மைக்கும் கிடையாது, சத்தம் ஏற்றி இறக்கும் குமிழும் கிடையாது. இந்த விலைகள் அங்கே. இங்கே கஸ்டம்ஸ் வழியாக வரும்போது கொஞ்சம் வளர்ந்துவிடும். முந்தைய 24 பிட் ரகங்கள் செகண்ட் ஹாண்டில் கிடைத்தாலும் மோசமில்லை. உரத்த குரல் மைனஸ் 12-ஐத் தாண்டாமல் வைத்துக்கொள்ளத் தெரிந்தால் போதும்.

பையன் ஒரு தாளில் கூட்டிக் கழித்து முடிவெடுத்தான். கேமராவை வார இறுதிக்கு வாடகைக்கு எடுப்பது. அது எப்படியும் மூன்று வருஷத்தில் கிழவனாகிவிடும். சொந்தமாக எஃப்3, ஒரு ஷாட்கன் மைக், சட்டையில் குத்த ஒரு மைக், ஹெட்ஃபோன். மைக் பிடிக்கும் கழிக்கு வீட்டில் ஒட்டடைக் குச்சி. என்னையும் கூட்டிப்போனான், அந்தக் குச்சியைப் பிடிக்க.

முதல் வேலையாக ஃபேனை நிறுத்தினோம். அடுத்து ஃப்ரிட்ஜ். காரின் சாவியை அதற்குள் வைத்துவிட்டேன். இது உலகெங்கும் சவுண்டுக்காரர்கள் செய்யும் தந்திரம். சாவி எடுக்கப் போகும்போது ஃப்ரிட்ஜை மறுபடி போட்டே தீர வேண்டுமே! யாரும் பேசாமல் அறையின் மௌனத்தை மட்டும் 30 விநாடி பதிவு செய்தோம். எடிட்டிங்கில் ஒட்டுப்போட உதவும். கேமரா முன் ஒரு கைதட்டல். கை சேரும் ஃப்ரேமும் 'டப்'பும் சேர்ந்தால் படமும் ஒலியும் சேரும். ரிகார்டர் கடிகாரம் பத்து லட்சத்துக்கு 20 பிசகினால்கூட ஒரு மணி நேரத்தில் 72 மில்லி செகண்ட், ஏறக்குறைய இரண்டு ஃப்ரேம். ஆகவே அரை மணிக்கு ஒருமுறை தட்டினோம்.

பெரியவர் பேசினார். கிட்டத்தட்ட முணுமுணுப்பு. விடிய விடியக் கூத்து, வண்டிப் பயணம், தனக்குப் பிறகு வாசிக்க ஊரில் யாரும் இல்லை என்பது. சட்டென்று முகவீணையை எடுத்து ஊதினார். கூரை அதிர்ந்தது. நான் குச்சியை இரண்டடி பின்னுக்கு இழுத்தேன். பையன் ஹெட்ஃபோனோடு துள்ளினான். ஆனால் முணுமுணுப்பு, முழக்கம் இரண்டும் பழுதில்லாமல் விழுந்திருந்தன.

போட்டுக் காட்டினோம். ஹெட்ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். பாராட்டுவார் என்று காத்திருந்தோம்.

"தம்பி, நடுவுல ஒரு எடத்துல மூச்சு உடைஞ்சிருக்கு. இன்னொரு தரம் வாசிக்கிறேன், புடி."

இரண்டாவது தரம் பிரமாதம். அன்று இரவே இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வைத்தோம். 32 பிட்டில் இரண்டு மைக் ஒரு மணி நேரத்துக்கு 1.4 ஜி.பி.தான்.

உங்களுக்குப் படம் எடுக்கும் உத்தேசமே இல்லாமல் இருக்கலாம். ஆனால் வீட்டில் ஒரு பாட்டியோ பெரியப்பாவோ இருப்பார். அவர் போட்டோ ஆயிரம் உங்களிடம் இருக்கும், குரல் இருக்காது. ரிகார்டர் வாங்கக்கூட வேண்டாம், இந்த ஞாயிற்றுக்கிழமை செல்ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, அவருக்கு ஓரடி பக்கத்தில் வைத்து, பழைய கதை ஏதாவது கேளுங்கள். கேட்டுவிட்டு நடுவில் பேசாமல் இருங்கள். அதுதான் இருப்பதிலேயே கஷ்டம்.

ஃபேனை நிறுத்த மறக்காதீர்கள்.