ஐ.சி.யு. வாசலில் ஒரு கையெழுத்து

ஐ.சி.யு.வில கிடக்கிற ஆக்களை மருந்து ஆய்வில் சேர்க்கிறார்கள் எண்டு சொன்னால், உடனே வாற சொல் 'பரிசோதனை எலி'. அந்தக் கோபம் நியாயமானது தான். வாயில் குழாய், உடம்பில் மயக்க மருந்து. ஓம் எண்டோ மாட்டன் எண்டோ சொல்ல முடியாதவரிடம் என்ன சம்மதம்?

ஆனால் ஆய்வு செய்யாமல் விட்டால் நோயாளிக்குப் பாதுகாப்பு என்ற முடிவுக்கு என்னால் வர முடியவில்லை. தலையில் அடிபட்டவர்களுக்கு வைத்தியர்கள் பல பத்தாண்டுகளாக ஸ்டீரொயிட் கொடுத்து வந்தார்கள். மூளை வீக்கம் வத்தும் என்ற நம்பிக்கை. அதற்கு யாரும் ஆய்வுப் படிவம் நீட்டவில்லை. அது 'சிகிச்சை' தானே! பிறகு 'கிராஷ்' என்ற சர்வதேச ஆய்வு 10,008 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. முடிவு 2004இல் வந்தது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், ஸ்டீரொயிட் பெற்றவர்களில் 21.1 வீதம், பெறாதவர்களில் 17.9 வீதம். நல்லெண்ணத்தோட கொடுத்த மருந்து ஆக்களைக் கொன்றிருக்கிறது. 2020இல் பிரித்தானியாவின் 'ரிகவரி' ஆய்வில் நேர்மாறு: செயற்கைச் சுவாசத்தில் இருந்த கொவிட் நோயாளரிடையே டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் இறப்பை மூன்றில் ஒரு பங்கால் குறைத்தது. அனுபவத்தை மட்டும் வைத்து இதை யார் சொல்லியிருக்க முடியும்?

ஆக, எனக்கு ஆய்வோட பிரச்சினை இல்லை. அந்தக் கையெழுத்தோட தான். உள்ளே பிள்ளை கிடக்க, வெளியே வாங்கில இருக்கிற அம்மாட்டப் படிவத்தை நீட்டினால் அவ என்ன சொல்லுவா? "நீங்கள் சொன்னால் சரி டொக்டர்." மறுத்தால் கவனிப்புக் குறையுமோ என்ற பயமும் அதுக்குள்ள இருக்கு. இதைச் சம்மதம் எண்டு கோப்பில போடுறது வைத்தியசாலையின் வசதிக்கு.

குறைந்தது, சிகிச்சை செய்கிற வைத்தியர் அல்லாத ஒருவர் போய்ப் பேச வேணும், வீட்டில கதைக்கிற தமிழில. நினைவு திரும்பியதும் நோயாளியிடமே திரும்பக் கேட்க வேணும். இது என்ர கண்டுபிடிப்பு இல்லை, ஹெல்சிங்கி பிரகடனத்திலேயே இருக்கு. "வேண்டாம், என்ர தகவலை எடுக்காதேங்கோ" எண்டு அவர் சொன்னால் அதோட நிறுத்த வேணும்.

கண் விழிக்காமலே போனவரிடம் கேட்க வழியில்லை. அவரின் வீட்டுக்கு, ஆய்வு முடிந்ததும் என்ன தெரிய வந்தது எண்டு ஒரு கடிதமாவது போடலாம்.