ஏரிக்குள்ள எக்ஸெல் ஓட்டுறது தப்பா மக்களே?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச பதிவு. ஆபீஸ்ல புடுங்க வேண்டிய ஆணி ஜாஸ்தியா இருந்ததால தள்ளிக்கிட்டே போச்சு. போன மே மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப எங்க வீட்டுல நடந்த ஒரு பஞ்சாயத்துதான் மேட்டர். தீர்ப்பை நீங்களே சொல்லுங்க.

நமக்கு ஊர் ஆர்.கே.பேட்டை. திருத்தணிக்கு மேற்கால, சோளிங்கருக்குப் பக்கத்துல. கொஞ்சம் எட்டிப் பார்த்தா ஆந்திரா வந்துடும். தெருவுக்குள்ள நுழைஞ்சாலே தறிச் சத்தம், பாதி வீட்டுல தெலுங்கு. வெயில் காலத்துல ஏரி வத்திப்போய் கட்டாந்தரையா கிடக்கும். கிரிக்கெட், காத்தாடி, மாடு மேய்க்கிறது எல்லாமே அங்கதான். அண்ணன் பையனுக்கு ஒன்பது வயசு. அங்க வெச்சு அவனுக்கு எக்ஸெல் ஹண்ட்ரட் ஓட்டக் கத்துக் குடுத்தோம். கியர் கிடையாது, வேகமும் கிடையாது, பாவப்பட்ட வண்டி. யாரோ வண்டல் மண் அள்ளினப்ப விட்டுட்டுப் போன சின்னச் சின்ன மேடு இருந்துச்சு. அதுல ஏறி இறங்குறதுதான் நம்ம மோட்டோக்ராஸ். :-)

பையன் விழுந்தான். முழங்கால்ல சிராய்ப்பு, அவ்ளோதான். தலையில ஹெல்மெட் இருந்துச்சு. அது அண்ணனோடது, அவன் தலைக்கு ரெண்டு மடங்கு பெருசு. வீட்டுக்கு வந்ததும் அம்மா, அண்ணி, பெரியப்பா மூணு பேரும் சேர்ந்து எங்க ரெண்டு பேரையும் வறுத்து எடுத்துட்டாங்க. "படிச்ச முட்டாளுங்க"ன்னு பட்டம் வேற. (அண்ணன் டிப்ளமோ, நான் பி.இ. அதனால அதுல எனக்குத்தான் பங்கு அதிகம். அவ்வ்வ்...)

காமெடி என்னன்னா, அதே சாயந்தரம் பக்கத்து வீட்டுப் பையன் ஸ்ப்ளெண்டர்ல இன்னும் ரெண்டு பேரை ஏத்திக்கிட்டு சோளிங்கர் கிளம்பினான். பதினாலு வயசுதான் இருக்கும். மூணு பேர் தலையிலயும் ஒண்ணும் இல்ல. எங்கம்மா வாசல்ல நின்னுக்கிட்டு, "டேய், வரும்போது ரெண்டு முழம் பூ வாங்கிட்டு வாடா"ன்னு காசு குடுத்து அனுப்பறாங்க!

நான் சொல்ல வர்றது இதுதான். நம்ம ஊர்ல சின்னப் பசங்க பைக் ஓட்டலாமா வேணாமாங்கிற கேள்வி எப்பவோ முடிஞ்சு போச்சு. ஓட்டிக்கிட்டுதான் இருக்காங்க. பாலுக்கு, டியூஷனுக்கு, ரேஷனுக்கு எல்லாத்துக்கும். 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்ப, மைனர் பையன் ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா பெத்தவங்களுக்கோ வண்டி சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், அந்தப் பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாதுன்னு போட்டாங்க. ஊர்ல யாருக்காவது தெரியுமான்னு கேட்டுப் பாருங்க. எதிர்ல வர்ற லாரிக்கு நடுவுல பையனை அனுப்பறது நமக்குப் பழகிப் போச்சு. எதிர்ல யாருமே வராத மண்ணுல, கூட ரெண்டு பெரியவங்க நிக்கிறப்ப ஓட்டினா அது விபரீதம்!

எங்க ப்ளஸ் டூ செட்டுல ஒருத்தன் இருந்தான். ரிசல்ட் வந்த அன்னிக்கு ஸ்வீட் வாங்க வண்டி எடுத்துட்டுப் போனவன், திருத்தணி ரோட்டுல போயிட்டான். நல்லா ஓட்டுவான், எங்க எல்லாரையும் விட நல்லா ஓட்டுவான். ஆனா அவனுக்கு பிரேக் பிடிக்கவோ, வண்டி வழுக்கினா என்ன பண்ணணும்னோ யாரும் சொல்லிக் குடுத்தது இல்ல. எனக்கும்தான்.

எனக்குச் சொல்லிக் குடுத்தது 2023-ல. அண்ணனும் நானும் சித்தூர், பலமநேர், முளபாகல் வழியா கோலார் பக்கம் போனோம். அங்க சி.எஸ்.சந்தோஷ் ஆரம்பிச்ச பிக் ராக் டர்ட் பார்க்ல பயிற்சி. சந்தோஷ் யாருன்னு தெரியாதவங்களுக்கு: டக்கார் ராலியை முழுசா ஓட்டி முடிச்ச முதல் இந்தியர், 2015-ல 36-வது இடம். போன உடனே பறக்கலாம்னு நினைச்சுப் போனா, பாதி நாள் மெதுவா ஓட்டத்தான் விட்டாங்க. ஃபுட்ரெஸ்ட் மேல எழுந்து நில்லு, முட்டியால டேங்கைப் பிடி, முழங்கையை வெளிய தூக்கு, முன் சக்கரத்தைப் பாக்காத, தூரமாப் பாரு. இதேதான் திரும்பத் திரும்ப. சாயந்தரத்துக்குள்ள ஏழெட்டு வாட்டி விழுந்திருப்பேன். பத்து வருஷம் ரோட்டுல ஓட்டிக் கத்துக்காததை அந்த விழுறதுல கத்துக்கிட்டேன். பின் சக்கரம் வழுக்கும்போது பயந்து ஆக்ஸிலேட்டரை மூடாம இருக்கிறது எப்படின்னு ரோட்டுல கத்துக்க முடியாது. ரோடு ரெண்டாவது சான்ஸ் குடுக்காது.

கொஞ்சம் சரித்திரம். இந்த விளையாட்டு இங்கிலாந்துல கேம்பர்லிங்கிற ஊர்ல 1924-ல 'ஸ்க்ராம்பிள்'ங்கிற பேர்ல தொடங்குனது. மோட்டோக்ராஸ்ங்கிறது பிரெஞ்சுக்காரங்க வெச்ச பேரு. வண்டியே வேற ஜாதி. லைட்டு, ஹாரன், நம்பர் பிளேட் எதுவும் கிடையாது. 250 சிசி வண்டியே நூறு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். சஸ்பென்ஷன் ஒரு அடி உயரத்துக்கு அமுங்கி எழும். சின்னப் பசங்களுக்கு யமஹா பிடபிள்யூ 50-ன்னு ஒண்ணு 1980-கள்ல இருந்து வெளிநாட்டுல விக்கிறாங்க. அதுல ஒரு ஸ்க்ரூ இருக்கு. அதைத் திருகி வெச்சா, புள்ள எவ்ளோ முறுக்கினாலும் ஆக்ஸிலேட்டர் அதுக்கு மேல திறக்காது. ஸ்க்ரூ டிரைவர் அப்பா கையில! நம்ம ஊர்ல இதெல்லாம் இறக்குமதி பண்ணாத்தான் உண்டு, விலையைக் கேட்டா மயக்கம் வரும். ஒரு நல்ல மோட்டோக்ராஸ் பூட்ஸ் விலைக்கு இங்க ஒரு பழைய ஸ்ப்ளெண்டரே வாங்கிடலாம். பணக்கார விளையாட்டுதான், ஒத்துக்கறேன்.

ஆனா "நம்ம கலாச்சாரத்துல இல்லாதது"ன்னு பெரியப்பா சொன்னப்பதான் சிரிப்பு வந்துடுச்சு. காலேஜ் படிக்கிறப்ப கட்டுச்சோறு கட்டிக்கிட்டு சோழவரம் ரேஸ் பாக்கப் போனவரு அவரு. இரண்டாம் உலகப்போர் சமயத்து விமான ஓடுதளம் அது, நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலதான் இருக்கு. 1990-ல இருங்காட்டுக்கோட்டையில ட்ராக் திறக்குற வரைக்கும் மெட்ராஸ்காரங்களுக்கு ரேஸ்னா சோழவரம்தான். அதைச் சொன்னேன். "அது வேற"ன்னுட்டு மோரைக் குடிச்சுட்டுப் போயிட்டாரு.

இப்ப உண்மையை ஒத்துக்கணும். இது ஆபத்தே இல்லாத விளையாட்டுன்னு சொன்னா என் வாய் அழுகிடும். அதே சந்தோஷ் 2021 ஜனவரியில சவுதியில நடந்த டக்கார்ல விழுந்து, டாக்டருங்க மருந்து குடுத்து கோமாவுல வைக்கிற நிலைமை வந்துச்சு. 2023 ஆகஸ்ட்ல சென்னை ட்ராக்ல, தேசிய பந்தயத்துல, பதிமூணு வயசு பெங்களூர்ப் பையன் விழுந்து இறந்தே போனான். அது மண் கிடையாது, தார் ட்ராக். வேகமும் வேற. ஆனாலும் அந்தச் செய்தியைப் படிச்ச அன்னிக்கு அண்ணனுக்கு ஃபோன் பண்ணினேன், ரெண்டு பேருக்கும் பேச வார்த்தை வரல.

அதனாலதான் வீட்டுல சொல்லாத ஒண்ணை இங்க சொல்றேன். அன்னிக்கு ஏரியில பையன் தானா விழல. அதுவரைக்கும் அரை மணி நேரம் ஜாலியா சுத்திக்கிட்டு இருந்தான். நான்தான் செல்ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் போட்டேன். "நாப்பத்திரண்டு செகண்ட்டுடா, அடுத்த ரவுண்டு நாப்பதுல வா பாப்போம்"னு சொன்னது நான்தான். அந்த அடுத்த ரவுண்டுலதான் விழுந்தான். எழுந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "சித்தப்பா, எத்தன செகண்ட்?"

அமெரிக்காவுல டென்னஸி மாநிலத்துல லொரெட்டா லின்ங்கிற பாடகியோட பண்ணையில 1982-ல இருந்து அமெச்சூர் மோட்டோக்ராஸ் தேசியப் போட்டி நடக்குது. குடும்பம் குடும்பமா வண்டியிலயே வீட்டைக் கட்டிக்கிட்டு வந்து இறங்கறாங்க. நாலு வயசுப் புள்ளைக்கும் பிரிவு உண்டு. வீடியோ பாக்க ஆசையாத்தான் இருக்கு. அப்பா ஸ்பானர், அம்மா சாப்பாடு, தாத்தா குடை. ஆனா அதுக்காகவே ஸ்கூலை விட்டுட்டு வீட்டுலயே படிச்சுக்கிட்டு முழுநேரமும் பயிற்சி எடுக்குற பசங்களும் அதுல இருக்காங்க. நம்ம ஊர் ஐஐடி கோச்சிங் மாதிரியேதான், தூசி மட்டும் எக்ஸ்ட்ரா. குடும்பமா ஞாயித்துக்கிழமை மண்ணுல விளையாடறதுக்கு நான் கட்சி. குடும்பமா சேர்ந்து ஒரு புள்ளையை ஜெயிக்க வைக்கிறதுக்கு நான் கட்சி இல்ல. ரேஸ் வேணும்னா அவன் வளர்ந்து, அவனே கேக்கட்டும். அப்பவும் நான் யோசிப்பேன்.

ஏரியும் பொது இடம்தான், அங்க மாடு மேயுது, அதுவும் தப்புதான். அதனால மாமா ஒருத்தரோட தரிசு நிலத்துல ஒரு ஓரமா ஓட்டிக்கச் சொல்லி அனுமதி வாங்கியாச்சு. வேலி இருக்கு, கிணறு இல்ல (அண்ணி போட்ட முதல் கண்டிஷன்). ஃபோனை வீட்டுலயே வெச்சுட்டுப் போகணுங்கிறது நான் எனக்கே போட்டுக்கிட்டது. அம்மா இன்னும் பேச மாட்டேங்கறாங்க. ஆனா போன வாரம் ஃபோன்ல, பையன் தலை சுத்தளவு எவ்ளோன்னு அண்ணி டேப் வெச்சு அளந்தாங்கன்னு தகவல் வந்துச்சு.

ஒன்பது வயசுக்குப் பொருந்துற நல்ல ஹெல்மெட்டும் முட்டிக் கவசமும் சென்னையில எங்க கிடைக்கும்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்கப்பா.

டிஸ்கி: பக்கத்து வீட்டுப் பையன் பூவோட பத்திரமா வந்து சேர்ந்தான். ரெண்டு முழத்துக்கு ஒன்றரை முழம்தான் இருந்துச்சுன்னு அம்மா சண்டை.